ஜிம் சுட்ட ரொட்டி

ஒரு பையன். பெயர் ஜிம். அடுப்படியில் நின்று ரொட்டி வாட்டிக்கொண்டிருக்கிறான். பக்கத்தில் ஒரு சிறுமி. பெயர் பேட். கையில் புத்தகம். ஜிம்முக்கு அவள் படித்துக் காட்டுகிறாள்.

படம் அவ்வளவுதான். அப்போதுதான் எழுத்துக்கூட்டப் பழகுகிற குழந்தைகளுக்கான பாடப்புத்தகம். படத்துக்குக் கீழே இரண்டு மூன்று சொற்களில் குட்டிக் குட்டி வரிகள்.

இதில் என்ன தப்பு இருக்க முடியும்?

அமெரிக்காவில் டென்னஸி என்றொரு மாநிலம். அங்கே இந்தப் படம் கோர்ட் படியேறியது. ஏதோ பஞ்சாயத்துக் கோர்ட் இல்லை. ஃபெடரல் கோர்ட். 1983ல் போட்ட கேஸ். சுப்ரீம் கோர்ட் வாசல் வரைக்கும் போய் 1988ல்தான் ஓய்ந்தது. இந்த ஒரு படம் மட்டுமே காரணம் என்று நினைத்துவிடாதீர்கள். குற்றப் பட்டியல் நீளம். ஆனால் அந்தப் பட்டியலில் ஜிம் சுட்ட ரொட்டியும் இருந்தது.

ஒரு பையன் ரொட்டி சுட்டதற்கு ஏன் இவ்வளவு கலாட்டா? தெரிந்துகொள்ள வேண்டுமென்றால் நாம் 1930க்குப் போகவேண்டும்.

சிகாகோவில் ஸ்காட் ஃபோர்ஸ்மன் என்று ஒரு பாடப்புத்தகக் கம்பெனி. அதில் ஜெர்னா ஷார்ப் என்கிற பெண்மணி வேலை பார்த்தார். முன்னாள் ஆசிரியை. குழந்தைகள் ஏன் படிக்கத் திணறுகிறார்கள் என்று யோசித்துக்கொண்டே இருந்தவர். கொஞ்சம் சொற்கள், அதையே திரும்பத் திரும்பச் சொல்வது, கூடவே கதையைப் புரியவைக்கிற படங்கள். இதுதான் அவருடைய ஐடியா. வாசிப்புக் கல்வியில் பெரிய நிபுணராக இருந்த வில்லியம் கிரேயும் சேர்ந்துகொண்டார். பிறந்தார்கள் டிக்கும் ஜேனும்.

டிக் அண்ணன். ஜேன் தங்கை. அடுத்து சாலி என்றொரு குட்டிப் பாப்பா. ஸ்பாட் என்று ஒரு நாய், பஃப் என்று ஒரு பூனை. அப்பா, அம்மா. புல்வெளி வைத்த அழகான வீடு. யாருக்கும் ஜலதோஷம்கூட வராது.

சும்மா சொல்லக்கூடாது, அசுர வெற்றி. 1950களில் அமெரிக்காவில் ஒன்றாம் வகுப்புப் படித்த பிள்ளைகளில் ஐந்துக்கு நாலு பேர் டிக், ஜேன் வழியாகத்தான் வாசிக்கக் கற்றார்கள் என்று ஒரு கணக்கு உண்டு. ஒரு தேசமே ஒரே குடும்பத்தைப் பார்த்து வளர்ந்தது.

அந்தக் குடும்பத்தில் யார் என்ன செய்தார்கள்?

அப்பா கோட்டு சூட்டு போட்டுக்கொண்டு ஆபீஸ் போவார். சாயந்திரம் திரும்பி வருவார். அம்மா ஏப்ரன் கட்டிக்கொண்டு வீட்டில் இருப்பார். சமைப்பார், துடைப்பார், சிரிப்பார். டிக் ஓடுவான், குதிப்பான், எதையாவது ரிப்பேர் செய்வான். ஜேன்? பெரும்பாலும் டிக்கைப் பார்த்துக்கொண்டிருப்பாள். இல்லையா, அம்மாவுக்கு ஒத்தாசை.

இப்போது ஒரு வேடிக்கையைக் கவனியுங்கள். இந்தக் குடும்பத்தைக் கற்பனை செய்த ஜெர்னா ஷார்ப் கல்யாணமே செய்துகொள்ளவில்லை. டிக்கும் ஜேனும்தான் என் பிள்ளைகள் என்பார். ஊர் ஊராகச் சுற்றி, வகுப்பறைகளைப் பார்த்து, பெரிய கம்பெனியின் புத்தகத் தொடரையே தீர்மானிக்கிற இடத்தில் இருந்தவர். ஆயுள் முழுக்கச் சம்பாதித்துச் சாப்பிட்ட ஒரு பெண்மணி, கோடிக்கணக்கான சிறுமிகளுக்கு அறிமுகம் செய்துவைத்த அம்மா, வீட்டு வாசலைத் தாண்டி வேலைக்குப் போகாத அம்மா!

கெட்ட எண்ணம் ஒன்றும் இல்லை. அப்போது எல்லோரும் அப்படித்தான் வரைந்தார்கள், அப்படித்தான் எழுதினார்கள். அதுதான் சிக்கலே. சதி செய்து எழுதியிருந்தால் கண்டுபிடிப்பது சுலபம். யாரும் யோசிக்காமலேயே எழுதியதை எப்படிக் கண்டுபிடிப்பது?

இரண்டாம் உலகப்போர் வந்தது. ஆண்கள் போர்முனைக்குப் போனார்கள். சுமார் 60 லட்சம் அமெரிக்கப் பெண்கள் புதிதாக வேலைக்குக் கிளம்பினார்கள். விமானம் செய்தார்கள், கப்பல் கட்டினார்கள், வெல்டிங் வைத்தார்கள். பாடப்புத்தகத்து அம்மா மட்டும் ஏப்ரனைக் கழற்றவே இல்லை. 1965ல் ஒரு பெரிய மாற்றம் வந்தது. டிக் குடும்பத்தின் தெருவில் ஒரு கறுப்பினக் குடும்பம் குடியேறியது. மைக், பாம், பென்னி என்று மூன்று பிள்ளைகள். அந்தக் காலத்துக்கு அது பெரிய விஷயம். நிறத்தைப் பற்றி யோசிக்கத் தொடங்கிவிட்டார்கள். அடுப்பங்கரையைப் பற்றி இன்னும் இல்லை.

*

காட்சி மாறுகிறது. நியூஜெர்ஸி மாநிலம், பிரின்ஸ்டன். 1970களின் தொடக்கம்.

அந்த மாநிலத்துப் பெண்கள் அமைப்பு ஒன்றைச் சேர்ந்த சிலர் கூடினார்கள். கோஷம் போடவில்லை, கொடி பிடிக்கவில்லை. பக்கத்து ஊர்ப் பள்ளிக்கூடங்களில் புழங்கிய வாசிப்புப் பாடப்புத்தகங்களை வாங்கி வைத்துக்கொண்டு எண்ண ஆரம்பித்தார்கள்.

ஆமாம், எண்ணத்தான். ஒன்று, இரண்டு, மூன்று.

134 புத்தகங்கள். 2,760 கதைகள். கம்ப்யூட்டரெல்லாம் கிடையாது. கதை யாரைப் பற்றியது? பையனா, பெண்ணா? பெரியவர் என்றால் ஆணா, பெண்ணா? என்ன வேலை பார்க்கிறார்? புத்திசாலித்தனமாக ஏதாவது செய்பவர் யார்? பயந்து அழுவது யார்? பத்திபத்தியாகப் பட்டியல் போட்டார்கள். அடியேன் படித்தது பி.காம். டேலி ஆகாத கணக்குக்காக ராத்திரி கண் விழிப்பது என்றால் என்னவென்று தெரியும். இது அதைவிடப் பெரிய வேலை.

1972ல் அறிக்கை வந்தது. தலைப்பு, 'டிக் அண்ட் ஜேன் ஆஸ் விக்டிம்ஸ்'. இத்தனைக்கும் டிக், ஜேன் புத்தகங்களின் கொடி இறங்கிவிட்டிருந்த நேரம் அது. எண்ணப்பட்டவை அவர்களுக்குப் பின்னால் வந்த பல கம்பெனிகளின் புத்தகங்கள். ஆனாலும் அமெரிக்காவில் யாரிடம் சொன்னாலும் உடனே புரிகிற பெயர் அதுதானே?

கணக்கு என்ன சொன்னது?

பையனை மையமாக வைத்த கதைகள் ஐந்து என்றால், பெண் குழந்தையை வைத்து இரண்டு. பெரியவர்கள் கதை என்றால் மூன்றுக்கு ஒன்று. வாழ்க்கை வரலாறு என்றால் ஆறுக்கு ஒன்று. மிருகங்களின் கதையில்கூட ஆண் மிருகம் இரண்டு, பெண் மிருகம் ஒன்று. முயலுக்கும் கரடிக்கும்கூட இட ஒதுக்கீடு அப்படித்தான்.

எல்லாவற்றையும் தூக்கிச் சாப்பிட்டது தொழில் கணக்கு. அத்தனை புத்தகங்களிலும் சேர்த்து ஆண்கள் பார்த்த வேலைகள் 147 வகை. பெண்கள் பார்த்தவை 26.

அந்த 26ல் என்னென்ன தெரியுமா? டீச்சர், நூலகர், டெலிபோன் ஆபரேட்டர், சமையல்காரர் என்று வரிசையாக வருகிறது. அப்புறம் ராணி. அப்புறம், சூனியக்காரி.

விளையாட்டில்லை. சூனியக்காரியையும் ஒரு வேலையாகக் கணக்கில் சேர்த்தால்தான் 26 வந்தது!

அமெரிக்காவில் மட்டும்தான் இப்படியா என்றால், இல்லை. அட்லாண்டிக் கடலுக்கு அந்தப் பக்கம் பிரிட்டனில் பீட்டர், ஜேன் என்று இன்னொரு ஜோடி இருந்தது. லேடிபேர்ட் கம்பெனி வெளியிட்டது. நம் ஊர் கான்வென்ட்டுகளிலும் சுற்றிய புத்தகங்கள்தாம், உங்களில் சிலர் படித்திருப்பீர்கள். 1964ல் வர ஆரம்பித்தன. பீட்டர் அப்பாவோடு. ஜேன் அம்மாவோடு. 1974ல் க்ளெனிஸ் லோபன் என்கிற ஆய்வாளர், பிரிட்டிஷ் பள்ளிகளில் புழங்கிய ஆறு வாசிப்புத் தொடர்களை இதே மாதிரி எண்ணிப் பார்த்தார். ஆண்களுக்கு 33 வேலை. பெண்களுக்கு எட்டு.

எட்டு என்னென்ன? அம்மா, பாட்டி, இளவரசி, ராணி, சூனியக்காரி, வீட்டில் எடுபிடி வேலை செய்பவர், டீச்சர், கடையில் சாமான் எடுத்துத் தருபவர். அம்மாவையும் பாட்டியையும் கழித்துவிட்டால் என்ன மிஞ்சும் என்று நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள். சூனியக்காரி மட்டும் இரண்டு தேசத்திலும் நிரந்தர உத்தியோகத்தில் இருந்திருக்கிறாள்.

இதற்கு ஒரு பதில் உடனே வரும். நாட்டில் எப்படி இருக்கிறதோ அப்படித்தானே புத்தகத்தில் இருக்கும்?

அங்கேதான் இடிக்கிறது. நாட்டில் அப்படி இல்லை. 1970ல் அமெரிக்காவில் வேலைக்குப் போன பெண்கள் 3 கோடிக்கு மேல். 16 வயதுக்கு மேற்பட்ட பெண்களில் நூற்றுக்கு 43 பேர். பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளின் அம்மாக்களிலேயே ஏறக்குறைய பாதிப் பேர் வேலைக்குப் போய்க்கொண்டிருந்தார்கள். காலையில் அம்மா டிபன் கட்டிக் கொடுத்துவிட்டு பஸ் பிடித்து வேலைக்குப் போகிறாள். பிள்ளை வகுப்பில் உட்கார்ந்து, அம்மா என்றால் வீட்டில் இருப்பவள் என்று படிக்கிறது. அப்படியானால் என் அம்மா யார்?

பாடப்புத்தகம் நிஜத்தைக் காட்டவில்லை. முப்பது வருடத்துக்கு முந்தைய ஆசையைக் காட்டிக்கொண்டிருந்தது.

அறிக்கையின் தலைப்பை இன்னொருமுறை பாருங்கள். பாதிக்கப்பட்டவர்கள் என்று ஜேனை மட்டும் சொல்லவில்லை. டிக்கையும் சேர்த்துத்தான். அவன் பயப்படக்கூடாது. அழக்கூடாது. தோற்கக்கூடாது. எப்போதும் ஏதாவது சாகசம் செய்துகொண்டே இருக்கவேண்டும். பெரியவன் ஆனதும் 147 வேலைகள் காத்திருக்கின்றன. ஆனால் அழுகிற குழந்தையைத் தூக்கிச் சமாதானப்படுத்துவது அதில் இல்லை.

*

சரி, கணக்குப் போட்டாயிற்று. யார் மாற்றுவது?

1972ல்தான் அமெரிக்கக் கல்விச் சட்டத்தில் 'டைட்டில் 9' என்கிற புகழ்பெற்ற பிரிவு வந்தது. அரசுப் பணம் வாங்கும் கல்வி நிலையங்களில் ஆண், பெண் பேதம் கூடாது. பெண்கள் விளையாட்டு அங்கே வளர்ந்ததற்கு இந்தச் சட்டம்தான் காரணம் என்பார்கள். ஆனால் 1975ல் அதற்கு விதிமுறை எழுதியபோது ஒரு விலக்கு வைத்தார்கள். பாடப்புத்தகத்துக்கு இது பொருந்தாது. புத்தகத்தில் என்ன எழுதவேண்டும் என்று மத்திய அரசு சொன்னால் கருத்துச் சுதந்திரம் அடிபடும் என்கிற பயம். விளையாட்டு மைதானத்துக்குள் போன சட்டம், புத்தகத்தின் அட்டையோடு நின்றுவிட்டது.

பிறகு எதுதான் மாற்றியது? மார்க்கெட்.

அமெரிக்காவில் பாடப்புத்தகம் போடுவது தனியார் கம்பெனிகள். வாங்குவது மாநிலங்களும் உள்ளூர் நிர்வாகங்களும். கலிஃபோர்னியா, டெக்சாஸ் மாதிரி பெரிய மாநிலங்கள் மொத்தமாகப் பட்டியல் போட்டு வாங்கும். அந்தப் பட்டியலில் இடம் பிடித்தால் லட்சக்கணக்கில் விற்பனை. விட்டால் கிடங்கில் தூசி. 1970களில் கலிஃபோர்னியா ஒரு நிபந்தனை போட்டது. ஆண்களையும் பெண்களையும் எல்லாவிதத் தொழில்களிலும் காட்டுகிற புத்தகம்தான் வேண்டும். தீர்ந்தது விஷயம். கலிஃபோர்னியாவுக்கு ஒரு புத்தகம், மற்றவர்களுக்கு வேறு புத்தகம் என்று யார் அச்சடிப்பார்கள்? செலவு கட்டுபடியாகுமா?

கம்பெனிகள் கையேடு எழுதின. 1972ல் முதலில் எழுதியது யார் தெரியுமா? டிக்கையும் ஜேனையும் பெற்றெடுத்த அதே ஸ்காட் ஃபோர்ஸ்மன். 1974ல் மெக்ரா ஹில். எழுத்தாளர்களுக்கும் ஓவியர்களுக்கும் சொல்லப்பட்டவை ரொம்பப் பெரிய தத்துவமெல்லாம் இல்லை. பெண் டாக்டரைக் காட்டலாம். ஆண் சமைக்கலாம். தொழிலின் பெயரிலேயே 'மேன்' என்று ஒட்டிக்கொண்டிருப்பதைத் தவிருங்கள். அம்மாவுக்கு ஏப்ரன் இல்லாமலும் ஒரு படம் வரையுங்கள்.

ஜெர்னா ஷார்ப் 1981 வரை உயிரோடு இருந்தார். இந்தக் கூச்சலெல்லாம் அவர் காதிலும் விழுந்தது. அவர் அசரவில்லை. இதெல்லாம் பெரியவர்களின் பார்வை, குழந்தைகள் ஒருபோதும் இதைப் பற்றிக் கவலைப்பட்டதில்லை என்பதுதான் அவர் கட்சி.

அவர் சொன்னதைச் சட்டென்று தள்ளிவிட முடியாது. குழந்தைகள் கவலைப்படவில்லைதான். ஆனால் குழந்தை கவலைப்பட்டு ஒன்றைக் கற்பதில்லையே. பார்த்துக்கொண்டே இருக்கும், பதிந்துகொண்டே இருக்கும்.

*

இப்போது டென்னஸிக்குத் திரும்பலாம்.

1983. ஹாக்கின்ஸ் கவுன்ட்டி. அங்கே சர்ச் ஹில் என்று ஒரு சின்ன ஊர். பள்ளிகளில் ஹோல்ட் என்கிற கம்பெனியின் புதிய வாசிப்புப் புத்தகங்கள் வந்து இறங்கின. கையேடுகளுக்குப் பிறகு தயாரான தலைமுறை. விக்கி ஃப்ராஸ்ட் என்கிற அம்மா தன் மகளுக்குப் பாடம் சொல்லித்தர அதைப் புரட்டினார். தீவிர மத நம்பிக்கை உள்ளவர். ஒரு கதை உறுத்தியது. அடுத்த கதையைப் பார்த்தார். அதுவும். அப்புறம் உட்கார்ந்து வரிவரியாகப் படித்து, தன் நம்பிக்கைக்கு ஒவ்வாதவற்றைப் பட்டியல் போட்டார். 17 வகை! மந்திர தந்திரம், பரிணாமக் கொள்கை, மனிதனே எல்லாவற்றுக்கும் மேல் என்கிற சிந்தனை என்று போனது பட்டியல். அதில்தான் நம் ஜிம்மும் மாட்டிக்கொண்டான். ஆணுக்கும் பெண்ணுக்கும் கடவுள் வகுத்த கடமை வெவ்வேறு. அடுப்படியில் பையனை நிறுத்திவிட்டு, பெண்ணைப் படிக்கவைத்தால் குழந்தை மனதில் அது குழம்பிவிடும். இதுதான் ஆட்சேபம்.

வேறு புத்தகம் கொடுங்கள் என்று கேட்டார்கள் பெற்றோர். கல்வி வாரியம் மறுத்தது. புத்தகத்தைத் தொட மறுத்த பிள்ளைகளை சஸ்பெண்ட் செய்தார்கள். பள்ளிக்குப் போய் மகளை அழைத்துவர முயன்ற விக்கி ஃப்ராஸ்ட்டைப் போலீஸ் கைது செய்தது. சில குடும்பங்கள் சேர்ந்து வழக்குப் போட்டன. 'மோசர்ட் எதிர் ஹாக்கின்ஸ் கவுன்ட்டி' என்று சட்டப் புத்தகங்களில் இன்றைக்கும் பேசப்படுகிற வழக்கு அது. தேசிய அளவில் இரண்டு பெரிய அமைப்புகள் பக்கத்துக்கு ஒன்றாக வந்து நின்றன. பரிணாமக் கொள்கைக்காக 1925ல் ஓர் ஆசிரியரைக் கூண்டில் ஏற்றிய அதே டென்னஸி என்பதால் பத்திரிகைகளுக்குக் கொண்டாட்டம்.

1986ல் கீழ்க்கோர்ட் பெற்றோர் பக்கம் தீர்ப்புச் சொன்னது. பிள்ளைகள் வாசிப்பு வகுப்புக்கு மட்டும் போகாமல் வீட்டில் படித்துக்கொள்ளலாம். 1987 ஆகஸ்டில் மேல்கோர்ட் அதைத் தள்ளுபடி செய்தது. ஒரு கருத்தைப் படிக்கச் சொல்வது வேறு, அதை நம்பு என்று கட்டாயப்படுத்துவது வேறு. இதுதான் தீர்ப்பின் சாரம். 1988ல் சுப்ரீம் கோர்ட் வழக்கை எடுத்துக்கொள்ள மறுத்தது. ஜிம்மின் ரொட்டி தப்பித்தது.

விக்கி ஃப்ராஸ்ட்டைப் பார்த்துச் சிரிப்பது சுலபம். நிறையப் பேர் சிரித்தார்கள். எனக்கென்னவோ சிரிக்கத் தோன்றவில்லை.

பிரின்ஸ்டன் பெண்கள் என்ன செய்தார்கள்? பாடப்புத்தகத்தை விரித்து வைத்து, வரிவரியாகப் படித்து, பட்டியல் போட்டார்கள். விக்கி ஃப்ராஸ்ட் என்ன செய்தார்? அதையேதான். இரண்டு தரப்புக்கும் அடிப்படை நம்பிக்கை ஒன்றே. படம் வெறும் படம் இல்லை. ஆறு வயதில் பார்க்கிற படம் உள்ளே போய் உட்கார்ந்துகொள்ளும். எந்தப் படம் உட்காரவேண்டும் என்பதில்தான் சண்டை. "அட, ஒரு படம்தானே, இதைப் போய்ப் பெரிதுபடுத்திக்கொண்டு" என்று சொன்னவர்களுக்குத்தான் விஷயம் புரியவில்லை.

இன்னொன்றையும் சொல்லிவிட வேண்டும். கம்பெனிகள் திருந்திய விதம் அத்தனை அழகாக இல்லை. அவர்களுக்குத் தேவை விற்பனை. ஆகவே தலையை எண்ணி, இத்தனை ஆண், இத்தனை பெண் என்று இட்டு நிரப்பினார்கள். 1986ல் பால் விட்ஸ் என்கிற மனோதத்துவப் பேராசிரியர் புதிய புத்தகங்களை ஆராய்ந்துவிட்டு ஒரு குற்றச்சாட்டு வைத்தார். பெண்கள் சாகசம் செய்கிறார்கள், சரி. ஆனால் பிள்ளை வளர்ப்பதையும் இல்லறத்தையும் மதிப்பாகக் காட்டும் கதை எங்கே போயிற்று?

அவருடைய அரசியல் எனக்கு உடன்பாடில்லை. கேள்வி நியாயமானது. சமையலறையில் நிற்கும் அம்மா ஒருநாளும் குற்றவாளி இல்லை. அவளைத் தவிர வேறு அம்மாவே புத்தகத்தில் இல்லை என்பதுதானே குற்றம்? அதைச் சரிசெய்கிறேன் பேர்வழி என்று அவளையே அழித்துவிட்டால், அது இன்னொரு பொய்.

*

புத்தகம் மாறினால் குழந்தை மாறுமா?

டேவிட் சேம்பர்ஸ் என்று ஓர் ஆய்வாளர். 1966 முதல் 1977 வரை மழலையர் வகுப்பு தொடங்கி ஐந்தாம் வகுப்பு வரைக்குமான பிள்ளைகளிடம் ஒரே ஒரு வேலை கொடுத்தார். ஒரு விஞ்ஞானியின் படம் வரையுங்கள். மொத்தம் 4,807 குழந்தைகள் வரைந்தார்கள். அதில் எத்தனை பேர் பெண் விஞ்ஞானியை வரைந்தார்கள்?

28.

ஆயிரத்துக்கு ஆறுகூட இல்லை. அந்த 28 பேரும் பெண் குழந்தைகள். ஒரு பையன்கூட, ஒரே ஒரு பையன்கூட வரையவில்லை.

அதற்குப் பிறகு அமெரிக்காவில் இந்தச் சோதனையைப் பலர் செய்தார்கள். 20,000க்கும் மேற்பட்ட குழந்தைகளின் படங்களைத் தொகுத்து 2018ல் ஓர் ஆய்வு வெளியானது. 1985க்குப் பிறகு வரையப்பட்டவற்றில் சராசரியாக நூற்றுக்கு 28 பெண் விஞ்ஞானிகள். பாடப்புத்தகம் மட்டுமே காரணம் என்று யாரும் சத்தியம் செய்யமுடியாது. நிஜத்திலேயே பெண் விஞ்ஞானிகள் பெருகினார்கள், டிவி வந்தது, பத்திரிகைகள் மாறின. ஆனாலும் ஆறுக்கும் குறைவாக இருந்தது 280 ஆகியிருக்கிறது, ஆயிரத்துக்கு.

மகிழ்ச்சிதானே? கொஞ்சம் பொறுங்கள். அதே ஆய்வில் இன்னொரு தகவல். ஆறு வயதுச் சிறுமிகள் வரைந்த விஞ்ஞானிகளில் நூற்றுக்கு 70 பேர் பெண்கள். பதினாறு வயதுப் பெண்கள் வரைந்ததில் 25. நடுவில் பத்து வருடம். அந்தப் பத்து வருடமும் பிள்ளைகள் எங்கே இருந்தார்கள்? பள்ளிக்கூடத்தில்.

*

நம் ஊருக்கு வருவோம்.

1970களின் இறுதியில் நரேந்திர நாத் காலியா என்கிற சமூகவியலாளர், வட இந்தியாவில் புழங்கிய மேல்வகுப்பு ஹிந்தி, இங்கிலீஷ் மொழிப் பாடநூல்கள் 41ஐ எடுத்து இதே மாதிரி எண்ணினார். 465 வகைத் தொழில்கள் தென்பட்டன. அதில் 344ல் பெண்ணே கிடையாது. நாட்டின் பிரதமர் நாற்காலியில் பதினோரு வருடம் ஒரு பெண்மணி உட்கார்ந்திருந்த காலத்துக் கணக்கு இது!

1986 தேசியக் கல்விக் கொள்கை, பெண்கள் சமத்துவத்துக்கு ஏற்றபடி பாடப்புத்தகங்களைத் திருத்தி எழுதவேண்டும் என்று சொன்னது. காகிதத்தில் சொன்னது படத்தில் வரக் கொஞ்ச காலம் பிடித்தது. 2019ல் மகாராஷ்டிராவின் பாலபாரதி நிறுவனம் இரண்டாம் வகுப்புப் புத்தகத்தில் அப்பாவை அம்மாவோடு உட்கார்ந்து காய்கறி ஆயவைத்தது. 2024ல் கேரளா, மூன்றாம் வகுப்புப் புத்தகத்தில் ஓர் அப்பாவைச் சமையலறைத் தரையில் உட்காரவைத்துத் தேங்காய் துருவவைத்தது. யாரும் கோர்ட்டுக்குப் போகவில்லை. பாராட்டித் தள்ளினார்கள். ஜிம் பார்த்திருந்தால் சந்தோஷப்பட்டிருப்பான்.

தமிழில் இந்த விஷயத்துக்கு இன்னொரு முகமும் உண்டு. 'டாக்டர் வந்தார்' என்று எழுதுகிறோம். வந்தது ஆணா, பெண்ணா? மொழி சொல்லாது. நம் மரியாதை விகுதிக்கு ஆண், பெண் பேதம் இல்லை. ஆசிரியர், மருத்துவர், ஆட்சியர், நீதிபதி எல்லாமே பொது. இங்கிலீஷ்காரன் கையேடு போட்டுத் தேடிய சொற்கள் நம்மிடம் ஏற்கெனவே இருக்கின்றன. ஆனால் பக்கத்தில் ஒரு படம் போடுகிறோம் பாருங்கள், அங்கே தீர்மானமாகிவிடுகிறது.

இன்னும் ஒரு படி இறங்கிப் பாருங்கள். பால்காரன். பூக்காரி. வண்டிக்காரன். வேலைக்காரி. இங்கே மட்டும் ஆண், பெண் துல்லியமாகத் தெரிகிறது. சம்பளம் குறையக் குறைய, மரியாதை விகுதி உதிர்ந்துபோய் 'காரனும்' 'காரியும்' வந்து ஒட்டிக்கொள்கின்றன. எந்த வேலை யாருக்கு என்று மட்டுமா மொழி சொல்லித்தருகிறது? எந்த வேலைக்கு எவ்வளவு மரியாதை என்றும் சேர்த்தே சொல்லித்தருகிறது.

விவசாயி என்றதும் உங்கள் மனதில் வந்தது யார்? தலையில் முண்டாசு, தோளில் கலப்பை. சரியா? நாற்று நடுவது யார்? களை எடுப்பது யார்? நம் கிராமங்களில் வேலை செய்கிற பெண்களில் பெரும்பாலோர் விவசாயத்தில்தான் இருக்கிறார்கள். 'விவசாயி' என்கிற சொல்லில் அவர்களுக்கும் இடம் இருக்கிறது. நம் மனதில் உள்ள படத்தில்தான் இல்லை. அந்தப் படத்தை யாரோ நமக்குச் சின்ன வயதிலேயே மாட்டிவிட்டார்கள்.

இந்த வாரம் ஒரு காரியம் செய்யுங்கள். வீட்டில் இரண்டாம் வகுப்போ மூன்றாம் வகுப்போ படிக்கிற பிள்ளை இருந்தால், அதன் மொழிப் பாடப்புத்தகத்தை எடுத்துக்கொள்ளுங்கள். தமிழோ, இங்கிலீஷோ, எதுவானாலும் சரி. ஒரு வெள்ளைத்தாள், ஒரு பென்சில். நடுவில் ஒரு கோடு. இந்தப் பக்கம் ஆண்கள் பார்க்கும் வேலைகள். அந்தப் பக்கம் பெண்கள் பார்ப்பவை. கதை, பாட்டு, பயிற்சி, மூலையில் உள்ள குட்டிப் படம் எதையும் விடாதீர்கள். அரை மணி நேரத்து வேலை. பிள்ளையையும் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள், அதுவே எண்ணட்டும்.

இரண்டு பக்கமும் ஓரளவு சமமாக வந்தால் சந்தோஷம். புத்தகம் போட்டவர்களுக்கு ஒரு கும்பிடு. வரவில்லை என்றால் கோர்ட்டுக்கெல்லாம் போகவேண்டாம். கோட்டுக்கு அந்தப் பக்கம் மிச்சமிருக்கிற இடத்தில் இன்னும் என்னென்ன வேலை எழுதலாம் என்று அந்தப் பிள்ளையிடமே கேளுங்கள். அது சொல்லிக்கொண்டே போகும்.